பலகையை எங்கே மாட்டுவது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். பொழிச்சலூரில் ஒரு மாடியறையில் இருபது பேர் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை. காதர் பாய் பூசியிருந்த அத்தர் மாடிப்படியிலேயே வரவேற்றது.

கல்யாணம் எதுவும் இல்லை. பணம் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஆள் பார்க்க வருகிறார். அவ்வளவுதான்!

கசங்கிய சட்டையும் முள்ளுத் தாடியுமாக அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள். யார் என்கிறீர்களா? பொறுங்கள்... முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கீழே காதர் பாயின் தையல் கடை. மேலே சும்மா கிடந்த அறையை வாடகை வாங்காமல் ஸ்டெல்லா டீச்சருக்கு விட்டிருக்கிறார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். சனிக்கிழமைதோறும் மனநோயோடு போராடுகிறவர்களும் அவர்கள் வீட்டு மனிதர்களும் அங்கே கூடுவார்கள். ஒரு டாக்டர் வந்து பார்ப்பார். மாத்திரை கிடைக்கும். டீ உண்டு, கேரம் போர்டு உண்டு. முக்கியமாக — பேச ஆள் உண்டு. தன் தம்பிக்காக டீச்சர் ஆரம்பித்தது இது. தம்பி இப்போது இல்லை. சனிக்கிழமையை மட்டும் டீச்சர் விடவில்லை.

அங்கே ஒரு வழக்கம். உள்ளே வருகிற யாரையும் 'யாருக்கு உடம்பு சரியில்லை?' என்று கேட்கக் கூடாது. நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்பது டாக்டருக்கும் டீச்சருக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு எல்லாரும் சனிக்கிழமைக்காரர்கள்.

டீச்சரின் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை போய்விட்டது. "இனிமே முடியாது டீச்சர், மன்னிச்சிடுங்க" என்று அழுதிருக்கிறார். டீச்சர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, குரோம்பேட்டையில் இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"நீங்க எழுத்தாளராச்சே... கம்பெனிங்க கிட்ட நிதி கேட்டு ஒரு அப்ளிகேஷன் எழுதித் தர்றீங்களா?"

எழுத்தாளன் என்றால் இதற்காவது பயன்படட்டும் என்று கிளம்பினேன். அப்புறம்தான் தெரிந்தது — மரம் நடப் பணம் இருக்கிறது. ஏரி தூர்வாரப் பணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்ட வரிசையில் நிற்கிறார்கள். மனசு என்று ஆரம்பித்தால்தான் எதிர்முனையில் ஒரு மௌனம்.

ஒரு அதிகாரி நல்லவர். வெளிப்படையாகவே கேட்டார். "எங்க கம்பெனி போர்டை எங்க சார் மாட்டுவீங்க?"

நியாயமான கேள்விதானே? மரம் நட்டால் மரத்தடியில் பலகை வைக்கலாம். ஒரு மனிதர் நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார் என்றால் பலகையை எங்கே வைப்பது?

சரி, படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிடுவோம் என்று பிரபுவைப் பற்றி உருக்கமாக எழுதினேன். பிரபு அவருடைய நிஜப் பெயர் இல்லை; இந்தப் பத்தியை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்ஜினியரிங் படித்தவர். ஒரு நாள் ரூம் கதவைச் சாத்திக்கொண்டவர், திறக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே போய் வரும். பல மாதப் போராட்டத்துக்குப் பிறகு அவருடைய அம்மா இந்த மாடிக்கு அழைத்து வந்தார். இப்போது சனிக்கிழமை எல்லாருக்கும் டீ போடுவது அவர்தான். ஆனால் வருவதும் போவதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. வெளியாட்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

டீச்சர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பிரபு இதைப் படிச்சான்னா திரும்ப ரூமுக்குள்ள போயிடுவான். வேணாமே."

அத்தனையையும் அடித்தேன். மிச்சமிருந்ததை அனுப்பினோம். ஒரே ஒரு கம்பெனி, நேரில் வந்து பார்க்கிறோம் என்றது.

பிரபுவின் அம்மா, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "பணம் வந்துடுமா சார்? அவன் சட்டை மாத்துறதே இந்தச் சனிக்கிழமைக்காகத்தான். இதுவும் இல்லன்னா..."

அந்தப் பயத்தில்தான் விருந்தாளியை வரவேற்க இத்தனை பட்டும் பூவும்! நான் மட்டும், பம்மல் தாண்டி வண்டி பஞ்சராகி, வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து, வேர்த்து விறுவிறுத்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். வரப்போகும் கம்பெனி ஆளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளேயே முணுமுணுத்து ஒத்திகை வேறு. டென்ஷன் ஆனால் எனக்குக் கால் ஆடும். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

வந்தவர் பெயர் நித்யா. என் மகள் வயதிருக்கும். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பேஷண்ட்ஸ் இன்னும் வரலையா மேடம்?"

"எல்லாரும் வந்தாச்சும்மா" என்றார் டீச்சர்.

நித்யாவின் கண் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தது. பட்டு... பூ... இஸ்திரி... அத்தர்... கடைசியில் என்மேல் வந்து நின்றது. முகம் அப்படியே கனிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்? மாத்திரையெல்லாம் கரெக்டா சாப்பிடுறீங்களா?"

என்ன சொல்வேன்? 'நான் இல்லை' என்றால், 'அப்போ யார்?' என்பதுதானே அடுத்த கேள்வி? அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"சாப்பிடுறேம்மா" என்றேன். பிரஷர் மாத்திரை. பொய்யில்லை.

"யாரு சார் பாத்துக்கறாங்க?"

அப்போது என் கையில் ஒரு டீ கிளாஸ் வந்தது. பின்னாலேயே ஒரு குரல்.

"நாங்கதான் மேடம் பாத்துக்கறோம். முன்னைக்கு இப்ப சார் எவ்வளவோ பரவால்ல."

பிரபு!

காதர் பாய் உடனே சேர்ந்துகொண்டார். "மொதல்ல வந்தப்ப ஒரே பேஜாரு மேடம். இப்ப ஷோக்கா கீறாரு."

பிரபுவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியாள் ஒருவரிடம் மகன் இரண்டு வாக்கியம் பேசி அவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ... நித்யாவோ, அவர் எனக்காக அழுகிறார் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த அழுகைக்கு முன்னால் என் உருக்கமான அப்ளிகேஷன் எம்மாத்திரம்?

திங்கட்கிழமை டீச்சர் தானே நித்யாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று மூலையில் இருந்தவர் ஒரு பத்தி எழுத்தாளர், எங்களுக்கு உதவிக்கு வந்தவர் என்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிடைக்க இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் நித்யா கேட்டார்.

"அப்ப அன்னிக்கு அங்க யாருதான் மேடம் பேஷண்ட்?"

"உங்களால கண்டுபிடிக்க முடியல இல்ல?" என்றார் டீச்சர். "அதுக்குத்தாம்மா பணம் கேக்கறோம்."

ஒரு வருஷத்துக்கு நிதி வந்துவிட்டது. கூடவே கம்பெனி பெயர் போட்ட பளபளவென்று ஒரு பலகையும். எங்கே மாட்டுவது என்று புரியாமல், பிரிக்காமலே மூலையில் சாத்தி வைத்திருந்தோம்.

என் பாடுதான் திண்டாட்டம். இப்போதெல்லாம் சனிக்கிழமை டீயை நீட்டும்போதே பிரபு சிரிக்காமல் கேட்கிறார். "மாத்திரை சாப்பிட்டீங்களா சார்?"

இந்த வாரம் உண்மையிலேயே சாப்பிடவில்லை. தீர்ந்துபோயிருந்தது. போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, பையிலிருந்த காலி அட்டையைக் காட்டினேன். பிரபுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்புறம்னா எப்ப? இருங்க."

அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். செருப்பை மாட்டினார். விடுவிடுவென்று படியிறங்கிவிட்டார்... தனியாக!

அவருடைய அம்மா எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். மெயின் ரோட்டில் ஒரு தண்ணி லாரி போகும்வரை நின்று, கடந்து, மெடிக்கல் ஷாப்பில் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார் பிரபு. அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார்.

டீச்சர் மூலையிலிருந்த பலகையைப் பிரித்தார். காதர் பாய் சுத்தியலோடு வந்தார். எங்கே மாட்டுவது என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை... பிரபு இறங்கிப்போன மாடிப்படி ரோட்டைத் தொடுகிற இடத்தில்!