கிண்ணத்தில் திணித்த பட்டு

என் தம்பி போன மாசி மாதம் இறந்துபோனான். அவன் இருந்தவரை சொல்ல முடியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இனிமேல் எழுதுவதால் அவனுக்கு எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், பட்டு நெய்கிற தெருவில் இருந்தது. அப்பா நெய்தார். நான் படித்து உபாத்தியாயர் ஆனேன். தம்பிக்குத் தறிக்குழியில் கால் வைக்கவே பிடிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் யாரோ ஓட்டிக் கழித்த மோட்டார் வேன் ஒன்றை வாங்கிவந்து, வாலாஜாபாத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஆளும் சரக்கும் ஏற்றினான். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவனுக்குப் படித்துச் சொல்பவன் நான். அப்படியே ரிப்பேர் வேலையும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் பெருமைதான்.

நாளாக ஆக ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டது. முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டின் நுனியில் ஓர் இரும்புப் பந்து உண்டு. அது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். பந்து தேய்ந்துவிட்டது, கிண்ணத்தின் வாயும் அகன்றுவிட்டது. ஸ்டியரிங்கைக் கொஞ்ச தூரம் வீணாகச் சுற்றிய பிறகுதான் சக்கரங்கள் அசையும். தம்பி அதற்குத் தகுந்தபடி மெதுவாக ஓட்டினான். அந்த ஆட்டத்தை வைத்தே வண்டியின் நிலைமை அவன் கைக்குத் தெரிந்திருந்தது. புதுச் சாமானுக்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வரவில்லை.

அந்தச் சமயத்தில் அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். வளையல் அடுக்கி, தென்னேரியில் இருந்த தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளை விட்டால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். மாட்டுவண்டி பேசிவிடலாம் என்றான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மோட்டார் வைத்திருக்கிற வீட்டுப் பெண் மாட்டுவண்டியில் போய் இறங்கினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். சாமான் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான்.

முந்தின நாள், அவன் இல்லாத நேரத்தில் கிண்ணத்தைக் கழற்றினேன். தறிக்கடியில், காய்ச்சிப் பசை நீக்காத பட்டு நூல் கழிவாகக் கிடந்தது. முறுக்கேற்றிய பட்டை எங்கள் வீட்டில் யாரும் கையால் அறுத்ததில்லை. நெசவு வீட்டில் பிறந்தவனுக்குப் பட்டின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, பந்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் திணித்து மூடினேன்.

தம்பி வந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான். ஆட்டமே இல்லை.

"புதுசு வந்துட்ச்சாண்ணா?"

"வந்துட்ச்சு. போட்டுட்டேன்" என்றேன்.

அவன் குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்ன பிறகு அவன் எதையும் சரிபார்ப்பதில்லை.

மறுநாள் காலை நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் பலகாரக் கூடைகளுக்கு நடுவில் அவன் மனைவியும் எங்கள் அம்மாவும். வாலாஜாபாத் தாண்டியதும் அவள் அவனைச் சீண்டினாள்.

"தெனம் மாட்டு வண்டியெல்லாம் உன் வண்டிய தாண்டிக்கினு போவும். இன்னிக்கி என்னா இவ்ளோ வேகம்?"

"அண்ணன் புது சாமான் போட்டுக்கீறாரு. உன்ன சீக்கிரம் எறக்கிவுட்டுட்டா எனக்கு நிம்மதிதான" என்றான் அவன், திரும்பாமலே.

அவள் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். கைநிறைய வளையல் சத்தம். நானும் சிரித்தேன்.

ஏரிக்கரை மேல் பாதை வளைகிற இடத்தில் தம்பி திருப்பினான். நான் பார்த்தேன். ஸ்டியரிங் அவன் கையில் முழுதாகச் சுற்றியது. வண்டி நேராகப் போனது. கரைச் சரிவில் இறங்கி ஒரு பனைமரத்தில் மோதிச் சாய்ந்தது. எங்கள் மூவருக்கும் சிராய்ப்புதான். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஊர்க்காரர்கள் அவளைக் கட்டிலில் தூக்கிப்போனார்கள். தம்பியும் அம்மாவும் கூடவே ஓடினார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் பின்தங்கினேன். பந்து நழுவி, கிண்ணம் வாய் திறந்து தொங்கியது. உள்ளே பட்டு கறுத்து, துகளாக நைந்திருந்தது. நான் திணித்த பட்டு தேய்மானத்தைச் சரிசெய்யவில்லை. அவன் கைக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருந்தது. அதை விரலால் வழித்தெடுத்து ஏரியில் போட்டேன். அதன் பிறகுதான் அவளைப் பார்க்கப் போனேன்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இரண்டொரு நாளில் அவளும் போய்விட்டாள்.

புதுச் சாமான் போட்டும் வண்டி திரும்பவில்லை என்றால் தப்பு ஓட்டியவனுடையது என்று ஊர் பேசியது. தம்பியும் அதையே நம்பினான். பேச்சில் மயங்கித் திருப்ப மறந்துவிட்டதாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். வண்டியை உடைத்து விற்றான். தனக்குப் பிடிக்காத தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவன், கண் மங்கும்வரை எழவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணா, அன்னிக்கி பக்கத்துல நீதான இருந்த. நான் திருப்பினேனா, இல்லியா?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அதைக் கேட்டது அப்போதுதான். திருப்பினாய் என்று சொல்லியிருந்தால், பிறகு வண்டி ஏன் நேராகப் போனது என்று கேட்டிருப்பான்.

"தெரியலப்பா. நான் கவனிக்கல" என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

"அப்போ நான் திருப்பலண்ணா."