காலிக் குப்பியின் மூடி

டெக்னீஷியன் தமிழ்மொழி ஜெர்மனிக்குக் கிளம்பியது ஜூன் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை. அடையாறு லேபில் மதியம் கேக் வெட்டினார்கள். "பிள்ளைங்களப் பட்டினி போட்டுடாதடி" என்று இன்குபேட்டரைத் தட்டிப் புஷ்ராவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். உள்ளே வட்டத் தட்டுகளில் வளரும் மனிதத் தோல் செல்களைத்தான் பிள்ளைகள் என்றாள். தீக்காயத்தில் ஒட்டுவதற்குத் தோல் வளர்க்கும் ஆராய்ச்சி அது. இரண்டு டெக்னீஷியன்கள் பார்த்த வேலை அன்று முதல் புஷ்ரா ஒருத்தியின் தலையில் விழுந்தது.

ஜூலையில் புதுக் குப்பி வந்தது. தோல் செல்லைப் பெருகச் சொல்லும் மனிதப் புரதம். மனித மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே சமைக்கவிட்டு எடுத்தது. நூறு மைக்ரோகிராம் பொடி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் குப்பி காலியாகத்தான் தெரியும். விலை அதிகம் என்பதால் ஆராய்ச்சி மாணவர் கதிரேசன் அதை யாரையும் தொட விடவில்லை. தானே திறந்து, திரவம் விட்டு, கரைசலைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைபெட்டியில் வைத்தார்.

பத்து நாளாகியும் செல்கள் பெருகவில்லை. போட்ட இடத்தில் அப்படியே கிடந்தன.

"கை சுத்தம் பத்தல போல மேடம்" என்றார் கதிரேசன், புஷ்ரா பக்கத்தில் நிற்கும்போதே.

லேபின் தலைவி ஜோதிலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். "புஷ்ரா, ஆகஸ்ட்டோட உன் கான்ட்ராக்ட் முடியுது. இப்படியே போனா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

கை சுத்தமில்லை என்ற பேரோடு மட்டும் இங்கிருந்து போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள் புஷ்ரா. செல்களுக்கு ஊற்றும் உணவை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், இன்குபேட்டர் தண்ணீரை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமையும் திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள்.

"இன்னாம்மா, லீவு நாள்லயும் வந்துக்கினு கீற? வூட்ல சோறு போடலியா?" என்றாள் கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாசி.

"என் பிள்ளைங்கதான் சாப்பிட மாட்டேங்குதுக்கா."

"சமைச்சவன இட்டாந்து கேளு. ஊட்றவள இன்னாத்துக்குத் திட்றாங்கோ?"

புஷ்ரா சிரித்தாள். சிரித்தபடியே நின்றுவிட்டாள். செல்லின் உணவு, கையுறை, தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. கதிரேசன் கரைத்ததை மட்டும் பார்க்கவில்லை.

குப்பியோடு வந்த தாளை எடுத்து வரி வரியாகப் படித்தாள். வழியில் குலுங்கும்போது பொடி மூடியில் ஒட்டிக்கொள்ளும். திறக்கும் முன் குப்பியைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து அடியில் இறக்க வேண்டும் என்று இருந்தது. மறுநாள் கதிரேசனிடம் கேட்டாள்.

"சார், குப்பியச் சுத்திட்டுத்தானே திறந்தீங்க?"

"எனக்கே பாடமா? உள்ள ஒண்ணுமே தெரியல, எதைச் சுத்துறது?" சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. "இத மேடம்கிட்ட கொண்டுபோகாதீங்க, ப்ளீஸ்."

கடைசிக் குழாய் தீரும்வரை காலிக் குப்பியைத் தூக்கிப்போடாமல் உறைபெட்டியில் வைப்பது அந்த லேபின் வழக்கம். லேபிளில் உள்ள எண் தேவைப்படும். குப்பி மூடியோடு அங்கேயே இருந்தது. புஷ்ரா மூடியின் உட்புறத்தைக் கொஞ்சம் திரவத்தால் கழுவி எடுத்தாள். மூன்று தட்டுகளுக்கு அந்தக் கழுவல், மூன்றுக்குக் கதிரேசனின் கரைசல். மற்றதெல்லாம் ஒன்றே, ஊற்றிய கையும் ஒன்றே.

ஐந்தாம் நாள் ஆறு தட்டுகளையும் ஜோதிலட்சுமியின் மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்தாள். மூன்றில் செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்து நின்றன. மூன்றில் பழைய கதை.

"என்ன வித்தியாசம்?"

"மூடி மேடம்" என்று தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னாள். கதிரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோதிலட்சுமி கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். கதிரேசன் அதன்பின் புஷ்ராவிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டம் வாங்கி ஹைதராபாத் போகும் நாளில்கூட மற்றவர்களிடம் மட்டும் கை குலுக்கிவிட்டுப் போனார். அவளும் அதைப் பெரிதுபடுத்தாமல் தட்டுகளுக்கு உணவு மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுடைய போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது:

"புஷ்ரா, நான் கதிரேசன். இங்க ஒரு ஸ்டூடண்ட் குப்பியச் சுத்தாம திறந்துட்டு, டெக்னீஷியன் மேல பழி போட்டான். மூடியக் கழுவச் சொன்னேன். செல் வளர்ந்துடுச்சு. இதே தப்ப அடையாறுல நான்தான் பண்ணேன்னு அந்த டெக்னீஷியன் முன்னாடியே சொன்னேன். உங்ககிட்ட மட்டும் இன்னும் சொல்லாம இருந்தேன். மன்னிச்சிடுங்க."