நெஞ்சுப் படத்தின் வழியே சூரியன்

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை ஆறேகாலுக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பையில் பத்துக் கிரகணக் கண்ணாடிகள். கோலார் தங்கவயலில் என் விடுதித் தோழி மெர்லின் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் தின்றுவிட்டு, அவள் தெருவுக்கே சூரிய கிரகணத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஆம்பூரில் தோல் பதனிடும் வேலை செய்து என்னை இயற்பியல் முதுகலை வரை கொண்டுவந்தார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

பங்காரப்பேட்டை எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் குப்பத்துக்கு முன்பே சிக்னலுக்காக நாற்பது நிமிடம் நின்றுவிட்டோம். இறங்கும்போது மணி எட்டரை. கிரகணம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. நிலையத்துக்கு வெளியே புங்கமரத்தடியில், இலை இடுக்குகளில் விழுந்த வெயில் வட்டம் வட்டமாக இல்லாமல் நூற்றுக்கணக்கான பிறைகளாகத் தரையில் கிடந்தது. ஒவ்வொரு இடுக்கும் சூரியனின் படத்தை வரைந்துகொண்டிருந்தது. ஒருவரும் நின்று பார்க்கவில்லை. டீக்கடைகள் பாதி மூடியிருந்தன.

தங்கவயலுக்குப் பேருந்து வரவில்லை. ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். நான் ஒருத்திதான் பயணி.

"கிரகணத்துல இன்னாமா தனியா கெளம்பிட்ட?" என்றார் ஓட்டுநர்.

"கிரகணம் பார்க்கத்தாங்க போறேன். கண்ணாடி கொண்டு போறேன்."

"கண்ணாடியா? எங்கூருக்கா? வூட்டுக்கு வூடு எக்ஸ்ரே தொங்குது. அப்பன் எக்ஸ்ரே, தாத்தன் எக்ஸ்ரே. நாங்கல்லாம் அதுலதான் பாப்போம்."

"அதுல பார்க்கக் கூடாதுங்க."

"எங்கப்பன் நெஞ்சுல பாக்க யாரு பர்மிஷன் வாங்கணும்?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மெர்லினுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஆண்டர்சன்பேட்டையில், மெர்லினின் தெருவில் இறங்கினேன். சூரியனின் பெரும்பகுதி மறைந்திருந்தது. வெயில் அடித்தது, ஆனால் சூடில்லை. சயனைடு மேடுகள் என்று இங்கே சொல்லும் சுரங்கக் கழிவு மலைகள் ஈயப் பாத்திரம்போல மங்கிக் கிடந்தன. சுரங்க வேலைக்காரர்களுக்காகக் கட்டிய தகர வீடுகளின் வரிசையில், வாசலுக்கு வாசல் ஆட்கள் எக்ஸ்ரே படங்களை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். தூரத்திலிருந்து பார்க்க, ஊரே தன் நெஞ்செலும்புகளை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

மெர்லினின் அண்ணன் சார்லஸ் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். இடது கண் மூடியிருந்தது. வலது கண்ணுக்கு நேரே அவருடைய இறந்துபோன அப்பாவின் நெஞ்சுப் படம்.

"அண்ணா, எடுங்க அதை."

"வந்துட்டாங்கடா விஞ்ஞானி. எட்டேகாலுலேர்ந்து பாக்கறேன், சூப்பரா தெரியுது. கண்ணு ஒண்ணும் வலிக்கல."

விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால்தான் பயந்தேன். படத்தைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். "பாரு, பாரு, எங்கூட்டுல பூந்து அடாவடி பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார். மற்ற ஒன்பதையும் தெருவில் கொடுத்தேன். பூமியில் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஹீலியத்தைச் சூரியனின் ஒளியில் கண்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கைக்கு எட்டாத எதையும் நாம் ஒளியைக் கொண்டுதான் அறிகிறோம் என்றேன். சொல்லும்போதே சார்லஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

சார்லஸ் ரயில் ஓட்டுநர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். அடுத்து கண் பரிசோதனை, பொங்கலுக்கு முன்னால், இன்னும் பத்தே நாளில். ஒவ்வொரு கண்ணாகச் சோதிப்பார்கள். இந்த வரிசை வீடுகளிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர். அதே ரயிலை ஓட்டப்போகிறவன் தன் மகன்தான் என்று அவருடைய அம்மா சர்ச்சில் எல்லார் முன்னும் எழுந்து சாட்சியே சொல்லிவிட்டாராம்.

பகல் ஒரு மணிக்குப் பிரியாணித் தட்டுக்கு முன்னால் சார்லஸ் இடது கண்ணை மூடிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மெர்லின், இருபத்தாறு எங்க போச்சு?"

"குடிச்சியா?"

"சுத்தி இருக்கிற தேதில்லாம் இருக்குது. நடுவுல ஓட்டை."

நான்கு மணிக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கண் மருத்துவர் பார்த்தார். வலது கண்ணில், பார்வை கூர்மையாகக் குவியும் மையத்தில், சுட்டிருக்கிறது என்றார். "மருந்து இல்லப்பா. சிலருக்குத் தானா சரியாவும். மாசக்கணக்கா ஆவும். ஆவாமலும் போவும்."

"பத்து நாள்ல ஆவுமா சார்?"

அவர் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் அந்தப் படத்தைப் பிடித்துப் பார்த்தேன். எக்ஸ்கதிரும் ஒளிதான். உடம்பை ஊடுருவி வந்த இடத்தில் படம் கறுக்கும், தடுக்கப்பட்ட இடத்தில் வெளுத்து நிற்கும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டும். இதில் மேலிருந்து கீழ்வரை ரவை சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பல இடங்களில் அவை கூடித் திட்டாகியிருந்தன. அவர்கள் அப்பா இருபத்தெட்டு வருடம் சுரங்கத்தில் மூச்சிழுத்த கல்தூள் கதிரைத் தடுத்து நின்ற இடங்கள். அங்கே படத்தில் கறுப்பே இல்லை. சூரியன் அந்த வழியாகத்தான் சார்லஸின் கண்ணுக்குள் வந்திருக்கிறது.

மெர்லினின் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"பக்கத்தூட்டு பிரபுவும் எக்ஸ்ரேலதானேமா பாத்தான். அவன் கால் ஒடஞ்சப்போ எடுத்தது. அவனுக்கு ஒண்ணுமில்லியாம். எம்புள்ளைக்கு மட்டும் ஏன்?"

எலும்பைச் சுற்றிப் பிரபுவின் படம் அடர்கறுப்பாக இருந்திருக்கும். காரணம் எனக்குத் தெரிந்தது. நான் படித்த படிப்பு முழுவதும் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான். "தெரியலைம்மா" என்றேன்.

மறுநாள் காலை சார்லஸே என்னை வண்டியில் பங்காரப்பேட்டைக்குக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க இரண்டு கண்ணாலும் சாலையைப் பார்த்து ஓட்டினார். பயப்பட ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நடைமேடையில் நின்றதும் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு மூஞ்சியே இல்ல. காது மட்டும் ரெண்டு இருக்குது. பரவால்ல, நல்லாத்தான் இருக்க."

பிறகு தூரத்துச் சிக்னல் கம்பத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், தலையை மெல்லச் சாய்த்தார், கம்பத்துக்கு வலப்பக்கமிருந்த வேப்பமரத்தைப் பார்த்தார்.

"பச்சை" என்றார். "கரெக்டா?"

"கரெக்ட்."

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காதே, பக்கத்தில் பார், அப்போதுதான் தெரியும் என்று எங்களுக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொன்னேன். கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்.

"டெஸ்ட்ல தலையைத் திருப்ப வுடுவாங்களா?"

ரயில் நடைமேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எஞ்சின் எங்களைக் கடந்தபோது அவர் தலையை மெல்லச் சாய்த்து, ஓட்டுநரின் ஜன்னலுக்குச் சற்று வலப்பக்கம் பார்த்தார்.