மதார் வெள்ளி

“அதுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது?” என்று ராஜராஜேஸ்வரி மேடம் கேட்ட பிறகுதான் நானே அதை யோசித்தேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்த மே மாதம் அது. கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். கிழக்கே உயரத்தில் லேசான ஆரஞ்சு நிறத்தில் இருந்த நட்சத்திரத்தைக் காட்டி, உங்கள் பக்கம் இதை என்ன சொல்வார்கள் என்று அங்கே விளக்கிக்கொண்டிருந்த மேடம் விசாரித்தார். “மதார் வெள்ளி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் சுவாதி நட்சத்திரம், தமிழில் அதற்குச் சோதி என்று பெயர், ஒளி என்று அர்த்தம் என்றார். ஆங்கிலத்தில் அதை ஆர்க்டூரஸ் என்பார்களாம், கிரேக்கத்தில் அதற்குக் கரடியின் காவலன் என்று பொருளாம். அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மேலப்பாளையத்தில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தெருவே அப்படிச் சொன்னது, நானும் சொன்னேன்.

மதார் அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றி வருபவர். எங்கே போனாலும் முதல் ஆளாகப் போய்விடுவார். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு அடுப்பு மூட்டும் முன்பே போய், வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பார். நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டதும் வெட்கப்பட்டு ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய தங்கை மைதீன் பாத்திமா அக்காதான் சொன்னார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவின் கீழ்வீடுகள் எல்லாம் மூழ்கிவிட்டன. எல்லோரும் ஹசன் அலி மாமா வீட்டு மொட்டைமாடியில் இருந்தார்கள். கரண்ட் இல்லை, செல்போன்கள் செத்துவிட்டன. அக்காவின் மகள் மர்வா அப்போது கைக்குழந்தை. தாய்ப்பால் போதவில்லை. பால்மாவு டப்பா தண்ணீரோடு போய்விட்டது. விடியும்போது மெயின் ரோட்டுக்குப் பால்வண்டி வந்தது, ஆனால் இவர்கள் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. மறுநாள் விடிவெள்ளி முளைத்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று பேசிவைத்தார்கள்.

மழை விட்டிருந்தது. மதார் அண்ணன் தூங்காமல் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பளிச்சென்று ஒரு வெள்ளி முளைத்தது. உடனே எல்லோரையும் எழுப்பிவிட்டார். முட்டளவு தண்ணீரில் பின்னாலேயே போனார்கள். ரோட்டில் வண்டி இல்லை. வெள்ளி மேலே ஏறிக்கொண்டே போனது, வானம் வெளுக்கவே இல்லை.

ஹசன் அலி மாமா சும்மா விடுவாரா? “ஏலே மதாரு, சூரியன் இன்னைக்கு லீவு போட்டுட்டானா?”

திரும்பிவிடலாம் என்று நாலைந்து பேர் முனகினார்கள்.

“நீங்க வேணும்னா போங்க மாமா. பிள்ள பசியில அழுவுதா. நான் இங்கனயே நிக்கேன்.”

அதற்கு மேல் யாரும் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் வண்டி வெளிச்சம் தெரிந்தது. அன்று வேறு தெருக்களுக்கும் போக வேண்டியிருந்ததால் முன்கூட்டியே வந்துவிட்டதாம். பாக்கெட்டுகளைக் கொடுத்த கையோடு புறப்பட்டுவிட்டது. இவர்கள் பாலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் திரும்பும்போது, கிழக்கே இன்னும் பெரிதாக, வெள்ளைவெளேரென்று ஒன்று முளைத்தது. அதுதான் உண்மையான விடிவெள்ளி. அதற்காகக் காத்திருந்தால் மர்வாவுக்கு அன்றும் பால் இல்லை.

“அப்ப முதல்ல வந்தது யாரு?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது நம்ம மதார் வெள்ளில்லா” என்றார் மாமா.

ஏமாந்தவன் பெயர் வானத்தில் எதற்கு என்று அண்ணனுக்கு முதலில் கோபமாம். இப்போது மர்வா அவர் தோளில் உட்கார்ந்து, “மாமா வெள்ளி” என்று கை நீட்டினால், அவர்தான் முதலில் அண்ணாந்து பார்க்கிறார். கரடியின் காவலன் கதையை நான் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“கரடிக்கா? நான் பால்வண்டிக்குல்லா காவல் நின்னேன்!”

சித்திரை, வைகாசியில் இருட்டியதும் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். அதன் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் கண்ணில் படும் முதல் பெரிய நட்சத்திரம் இதுதான். பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டுங்கள். சோதி என்றே சொல்லுங்கள். அவருக்கு நேரம் இருந்தால் மதார் அண்ணன் பால் வாங்கப் போனதையும் சொல்லிவிடுங்கள்.