நான் சிமெண்ட் பூசச் சொன்ன சுவர்

மலேசியாவின் கிள்ளானில் ஆற்றை ஒட்டிய தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக, நூறு வயதைத் தாண்டிய ஒரு கடைவீடு. அதைப் பசுமை அலுவலகமாக மாற்றுவதுதான் கட்டடக் கலைஞராக எனக்கு வந்த முதல் தனி வேலை. உரிமையாளர் இடித்துவிட்டுக் கட்டவே விரும்பினார். நான்தான் குறுக்கே விழுந்து, காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று வாய் கிழியப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். எனக்குத் தெரியாதா? நான் படித்ததே அதைத்தான். ஆனால் சுண்ணாம்பு காய வாரக்கணக்கில் ஆகும். உரிமையாளரோ தீபாவளிக்கு முன் பூஜைக்கு நாள் குறித்து, ஐயருக்கும் சொல்லிவிட்டார்.

பூச்சு வேலை செய்த அண்ணன் தயங்கினார். “மேடம், சிமெண்ட் போட்டா உள்ள இருக்கற ஈரம் எங்க போகும்? கொஞ்சம் பொறுங்கலா.”

“நாள் குறிச்சாச்சு அண்ணே. போடுங்க.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த மட்டும்கூட இல்லை.

பூஜை நன்றாகவே நடந்தது. கூரையில் சூரியத் தகடு, பின்னால் மழைநீர்த் தொட்டி என்று வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் பின்சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தேன். மேலே சாயம் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறென்ன. மறுபடியும் பூத்தது. கடைசியில் சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். செங்கலும் சேர்ந்து பெயர்ந்தது. கை வைத்த இடமெல்லாம் ஈர மாவாக உதிர்ந்தது.

ஷா ஆலமிலிருந்து வந்த பொறியாளரிடம் கெஞ்சினேன். “இரும்புத் தூண் வச்சுத் தாங்க முடியாதா சார்? முன்பக்கத்தையாவது?”

“எதுல கொண்டுபோய்ச் சாய்க்கறது மேடம்? நாலு சுவரும் இப்படித்தான் இருக்கு. ஆளுங்கள வெளிய அனுப்புங்க.”

இன்னும் இரண்டு பொறியாளர்களை அழைத்து வந்தேன். அவர்களும் அதையே சொன்னார்கள். ஒரு சுவருக்காகக் கோயிலில் நின்று அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பழைய கட்டடம்” என்று சொல்லி, இடிப்பதற்கு அனுமதி கேட்கும் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். புதுக் கட்டடத்தையும் நானே வரைய வேண்டுமாம்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பேனாவைத்தான் எடுத்தேன். காரணம் கேட்ட இடத்தில் ‘கட்டடத்தின் மூப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.