மாடு முழங்காலிடவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டே வந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் என் அப்பா. தான் செய்ததை யாராவது தன் முன்னால் எடுத்துச் சொன்னால், எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகும், சொன்னால் எங்கிருந்தோ எழுந்து போய்விடுவாரோ என்று எனக்கு ஒரு தயக்கம்.

ஆனால் போன அறுப்பின் பண்டிகையில் வாலிபப் பிள்ளை ஒருவர் சாட்சி சொன்னார். "நம்ம சபையில அந்தக் காலத்துல ஒரு மாடு, ஜெபம் நடக்கும்போது முன்னங்காலை மடக்கி முழங்கால் போட்டுதாம்" என்றார். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டேன், வாய்ப் பழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அந்த மாட்டை நான் பார்த்தவள். அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் ரோட்டோரம் எங்கள் ஊர். இன்றைக்கு அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கின்றன, என் மகனும் அதில்தான் போகிறான். அன்று பறப்பதற்கு எதுவும் இல்லை, எப்போதாவது ஒரு பஸ், மற்றதெல்லாம் மாட்டு வண்டி. வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டுவதுதான் என் அப்பாவின் தொழில். தார் ரோட்டில் வெறுங்குளம்போடு நடந்தால் மாட்டுக்குக் கால் தேய்ந்து ரத்தம் வந்துவிடும். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்குமல்லவா, அதனால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, இரும்புத் தகட்டை வைத்து ஆணி அடிப்பார். அடிக்கிற நேரமெல்லாம் மாட்டோடு பேசிக்கொண்டே இருப்பார். பாகலூர்ப் பக்கத்து மாடு என்றால் கன்னடத்தில், ஆந்திரா மாடு என்றால் தெலுங்கில். கேட்டுப் பழகின பாஷையில் பேசினால்தான் மாடு அடங்கும் என்பது அவர் கணக்கு. எங்களோடு அவ்வளவு பேசமாட்டார்.

எங்கள் ஊரில் சந்தை கூடுவது ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் வேறு எந்த நாளிலும் அவ்வளவு வண்டிகள் சேராது. அந்த ஒரு நாளில்தான் என் அப்பா வேலை செய்யமாட்டார். சனிக்கிழமை விளக்கு வைக்கும் முன்னே சுத்தியலும் சீவுகத்தியும் பெட்டிக்குள் போய்விடும். அம்மா அதன்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்துவாள். சுத்தியலுக்கும் ஞாயிற்றுக்கிழமை தூக்கம் உண்டு என்று நினைத்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நான் மெதுவாகவே நடப்பேன்.

சந்தை வேலையெல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் வேறொரு லாடக்காரருக்குப் போயிற்று. எங்கள் வீட்டுச் சட்டியில் அது தெரியும். ஆனால் அம்மா ஒருநாளும் அதைப் பேச்சாக எடுத்ததில்லை. பேசினவர்கள் வண்டிக்காரர்கள்தான். பாகலூர்ப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வருகிற ஒருவர், பெரிய முண்டாசு கட்டியவர், எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிக் கேட்பார்.

"என்ன லாடத்தண்ணா, உங்க சாமி ஆறு நாள் முழிச்சிருந்து ஏழாம் நாள் தூங்கிடுதா? எங்க சாமிக்கு லீவே இல்லை பாரு."

அப்பா சிரிப்பார். "போயிட்டு வா" என்பார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ராகி அறுப்பு நன்றாக இருந்தது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் தங்கள் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் கொண்டுவந்து படைத்திருந்தார்கள். பூசணி, அவரைக்காய், வாழைத்தார், கால் கட்டின கோழிகள். ஒரு வீட்டார் பெரிய கூடை நிறைய ராகி மாவே திரித்து வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து இதையெல்லாம் ஏலம் விட வேண்டும். ஏலம் விடுவது என் தாய்மாமா. அதற்கென்றே வெள்ளைச் சட்டை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடிப்புக் கலையாமல் நடந்துகொண்டிருந்தார். அதன்பின் அசனம், அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அரிசி கிடைக்காத காலம் அது. வருஷத்தில் அன்றைக்கு மட்டும் அரிசிச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

எங்கள் சபைக்கு வாராவாரம் ஜெபம் நடத்த உபதேசியார் ஒருவர் உண்டே தவிர ஐயர் கிடையாது. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் பஸ் நிற்காது. அவர் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஓசூரில் இறங்கி, கிடைக்கிற வண்டியில் ஏறி வர வேண்டும். அன்று நேரமாகியும் வரவில்லை. இருக்கிற பாட்டையெல்லாம் இரண்டு தடவை பாடிவிட்டோம். கடைசியில் ஒரு வண்டி வந்து கோயில் வாசலில் நின்றது. வெள்ளை அங்கியோடு ஐயர் இறங்கினார். வண்டியை ஓட்டி வந்தவரைப் பார்த்ததும் என் மாமா, "ஐயோ, இவனா" என்றார். முண்டாசு கட்டின அதே பாகலூர் வண்டிக்காரர்.

அவர் இறங்கியதும் யாரையும் பார்க்காமல் வலது பக்கத்து மாட்டின் காலைப் பார்த்தார். மாடு அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. ஐயருக்கு நேரமாகிறதே என்று வேகமாக ஓட்டியதில் லாடம் ஒன்று கழன்று திரும்பி, ஆணி குளம்புக்குள் ஏறியிருந்தது. வாசலில் ரத்தச் சொட்டு.

"உங்க ஐயருக்காக ஓட்டினேன், என் மாட்டுக் கால் போச்சு. சந்தைல கட்டுறவன் இன்னைக்கு வரவே இல்லையாம்" என்றார் வண்டிக்காரர். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ எழுந்துக்காத லாடத்தண்ணா. உன் சாமி தூங்குது" என்றார். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அப்பா எழுந்து போய் மாட்டின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கோயிலுக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுத்தியலை எடுத்தால், இத்தனை வருஷம் ஊராரைத் திருப்பி அனுப்பினவன் தன் ஐயர் வந்த வண்டிக்கு மட்டும் வேலை செய்தான் என்று சந்தை முழுக்கச் சிரிக்கும். எடுக்காவிட்டால் மாட்டின் கால் போய்விடும். எனக்கே தெரிந்தது, அப்பாவுக்குத் தெரியாதா.

ஐயர் குனிந்து, "செய்யுங்க. தப்பில்லை. நான் சொல்றேன்ல" என்றார்.

அப்பா நிமிர்ந்து ஐயரைப் பார்த்தார். "செய்றேங்க ஐயா. ஆனா ஐயா ஏறி வந்த மாட்டுக்கு மட்டும் செய்ய மாட்டேங்க. எத்தனை மாட்டை ஞாயித்துக்கிழமைன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். அதுங்களுக்கும் கால்தானே."

என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, சந்தைக்கு ஓடு. கால் நோவுற மாடு இருந்தா இங்க ஓட்டிட்டு வரச் சொல்லு. இன்னைக்குக் கூலி கிடையாதுன்னும் சொல்லு."

ஓடினேன். சந்தையில் ஒரு வெங்காய மூட்டைமேல் ஏறி நின்று, "எங்கப்பா இன்னைக்குச் சும்மா லாடம் கட்றாரு, எல்லாரும் கோயிலுக்கு வாங்க" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. சொன்னது போதவில்லை போல என்று நினைத்து, "கறிச்சோறும் உண்டு" என்றேன். திரும்பினார்கள்.

நான் வரும்போது என் பின்னால் வண்டி வண்டியாக வந்தது. நொண்டுகிற மாடு கொஞ்சம், நொண்டாத மாடு கொஞ்சம், மாடே இல்லாமல் வந்தவர்கள் கொஞ்சம். அம்மா சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"சோறுன்னு யாருடி சொன்னா?"

"நான்தாம்மா."

"உங்கப்பன் கூலி வேணாங்கிறான், நீ சோறு போடுறேங்கிற. நல்ல குடும்பம்."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் போய், படைத்து வைத்திருந்த ராகி மாவுக் கூடையைத் தூக்கினாள். மாமா பதறிப்போனார்.

"அக்கா, அது ஏலத்துக்கு."

"கூப்பிட்டது ஆண்டவரோட வீட்டுக்கு. ஆண்டவரோட மாவுல கிண்டிப் போடுறேன். நீ போய் மாட்டைப் பிடி."

மாமா ஐயரைப் பார்த்தார். ஐயர், "அக்கா சொல்றது சரியாத்தான் படுது" என்றார். அப்படித்தான் மாமாவின் ஏலம் போயிற்று. வீட்டிலிருந்து லாடப் பெட்டி வந்தது. கஞ்சி போட்ட சட்டையோடு அவர் பாகலூர் மாட்டின் கழுத்தைப் பிடித்து அமுக்கி உட்கார, அப்பா காலைக் கட்டினார். "சும்னிரு, சும்னிரு" என்று அப்பா மாட்டைக் கன்னடத்தில் தேற்றினார். மாமா, "என்னையும் கொஞ்சம் தேத்துங்க மச்சான்" என்றார். மாடு வாலால் ஒரு போடு போட்டது. சட்டையின் முதுகில் சாணியால் ஒரு கோடு. சிரிக்காதவர் யாரும் இல்லை. ஐயரே அங்கியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஐயர், லாடம் கட்டுகிறவர் ஆராதனைக்கு வர முடியாவிட்டால் ஆராதனை அவரிடம் வரட்டும் என்று சொல்லி, அப்பா லாடம் கட்டிக்கொண்டிருந்த கோயில் வாசல் புளியமரத்தடிக்கே எல்லாரையும் வரச்சொன்னார். பாய்கள் வந்தன. ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் வண்டிக்காரர்கள், நடுவில் கட்டிப்போட்ட மாடு. நாங்கள் பாடும்போது அப்பா ஆணி அடித்தார். முதலில் சுத்தியல் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் போயிற்று. இரண்டாம் சரணத்தில் யார் யாரைப் பின்தொடர்ந்தார்கள் என்று தெரியாது, இரண்டும் சேர்ந்துகொண்டன. ஜெபம் என்றதும் அப்பா சுத்தியலைக் கீழே வைத்துக் கண்ணை மூடினார். முண்டாசுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாக முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மாடும் அசையாமல் கிடந்தது. கால் கட்டியிருந்ததால் அசைய முடியாது. அவ்வளவுதான் அந்த மாட்டின் பக்தி.

களி கிண்டி உருண்டை பிடித்து, கறிக்குழம்பில் தண்ணீரையும் மிளகாயையும் கூட்டி, வந்த எல்லாருக்கும் போட்டார்கள். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் அரிசிச் சோறு கைப்பிடி கைப்பிடியாகத்தான் வந்தது. வண்டிக்காரர்கள் அதைத் தொடவில்லை. "சோறு காய்ச்சல்காரனுக்கு. களியைப் போடும்மா" என்று கேட்டு வாங்கினார்கள்.

பொழுது சாயும்வரை அப்பா லாடம் கட்டினார். முதல் மாட்டுக்காரரான பாகலூர்க்காரர் போகாமல் இருந்து, மற்ற மாடுகளுக்குக் கயிறு பிடித்தார். எல்லாம் முடிந்த பிறகு மடியிலிருந்து காசு எடுத்து நீட்டினார்.

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு வாங்கினா அது வேலையாயிடும். வாங்காத வரைக்கும் ஞாயித்துக்கிழமைதான்."

அவர் நீட்டின கையை உடனே மடக்கவில்லை. பிறகு காசை மடியில் முடிந்துகொண்டு, வண்டியில் ஏறிப் போனார். அன்று எதுவும் கேலி சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே நான் புளியமரத்தடியில் காத்திருந்தேன். மறுபடியும் பாய் விரிப்பார்கள், மாடு வரும், களி கிண்டுவார்கள், மாமாவின் சட்டை அழுக்காகும் என்று எனக்கு நிச்சயம். ஒரு வண்டியும் வரவில்லை. வண்டிகள் அதற்கு முந்தின நாளே வந்திருந்தன. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து எங்கள் வீட்டு வாசலில் மாடு நிற்க இடமில்லை. சந்தைக்கு விடியக் கிளம்புகிறவர்கள் முந்தின நாளே கிளம்பி வந்து, லாடம் கட்டிக்கொண்டு, கூலியும் கொடுத்து, வண்டிக்கடியில் படுத்துத் தூங்கி, காலையில் சந்தைக்குப் போனார்கள். அந்தச் சனியும், அதற்கடுத்த சனியும், நான் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் எல்லாச் சனியும்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சண்டை போடுகிற மாதிரியே பாகலூர்க்காரரிடம் போய்க் கேட்டேன். "ஏன் மாமா, ஞாயித்துக்கிழமை வரமாட்டேங்கிறீங்க? எங்கப்பா அன்னைக்குச் சும்மாவே கட்டுவாரே."

அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார். "அன்னைக்கு எப்படி வர்றது பாப்பா? ஞாயித்துக்கிழமை எங்க மாடுங்களுக்கும் கோயில் இருக்குதே."

நான் அதை அப்படியே நம்பினேன். பாகலூர்ப் பக்கத்தில் மாடுகளுக்கென்று ஒரு கோயில் இருக்கிறது, வாசல் அகலமாக இருக்கும், பாய்க்குப் பதில் வைக்கோல் போட்டிருப்பார்கள் என்று மனசுக்குள் கட்டியே வைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

இதைச் சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சபையில் சாட்சியாகச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாடு முழங்காலிடவில்லை, நாங்கள்தான் கயிறு போட்டுக் கட்டினோம். முழங்காலிட்ட மாட்டைச் சொல்கிற அவசரத்தில் எல்லாரும் சனிக்கிழமை வந்த மாடுகளை விட்டுவிடுகிறார்கள். அவற்றை விடாமல் சொல்லுங்கள்.