மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்காக நான் செய்த செபம்

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, ஒரு நாய்க்குட்டிக்காக முழங்காலில் நின்று அழுத மனிதன் நான். வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்தில் எழுந்து நின்று இதை முழுதாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதித் தருகிறேன்.

போன ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வெக்ஸ்போர்ட் பகுதியில் என் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ற் படியடியில் குட்டி எதையோ கவ்விக்கொண்டு உறுமியது. என் காலுறையாக்கும் என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டு இழுத்தேன். கைக்கு வந்தது ஒரு வௌவால். இன்னும் உயிர் இருந்தது. இரண்டு தரம் செட்டையை அடித்துவிட்டு என் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது. குட்டியின் மூக்கில் ஊசி குத்தியது போல ஒரு சிவப்புப் புள்ளி. என் பெருவிரலிலும் அதுபோல ஒன்று.

குட்டியின் பெயர் ரொபி. ரொபி மிட்டாயின் நிறம் என்பதால் அந்தப் பெயர்.

என் மனைவி ரீற்றா புற்றுநோயில் போய் இரண்டு வருடம். ஒரே மகன் தூரத்தில், கல்கரியில். தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் வீட்டில் ஃபிரிட்ஜின் இரைச்சல் மட்டும்தான். அஜக்ஸ் நகரில் இருக்கும் ரீற்றாவின் சிநேகிதி வீட்டு நாய் குட்டி போட்டபோது, "அண்ணை, ஒண்டைக் கொண்டுபோய் வளத்துப் பாருங்கோ. கதைக்க ஒரு சீவனாவது வீட்டில இருக்கட்டும்" என்று கையில் தந்துவிட்டார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் குட்டி வந்த அடுத்த நாளே, வேலையால் வந்து கதவைத் திறந்தபோது என் வாய் தானாகவே "வந்திட்டன்" என்றது. இரண்டு வருடமாக நான் சொல்லாத சொல் அது.

மிருக வைத்தியர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. முதல் சந்திப்பிலேயே விளங்கப்படுத்தியிருந்தார். "மற்ற ஊசி தொடங்கியாச்சு அங்கிள். ரேபீஸ் ஊசிக்கு மட்டும் த்ரீ மன்த்ஸ் ஆகவேணும். தாயிட்ட இருந்து வந்த பாதுகாப்பு உடம்பில நிக்கேக்க போட்டா அது வடிவா வேலை செய்யாது." அடுத்து வந்த வியாழக்கிழமை மூன்று மாதம் நிரம்ப இருந்தது. அன்றைக்கு ஊசிக்கு நேரம் எடுத்திருந்தேன். வௌவால் அதற்கு முந்திய சனிக்கிழமை வந்துவிட்டது.

உடனே வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அவருடைய குரல் மாறியது.

"வௌவாலை எறிஞ்சு போடாதேங்கோ அங்கிள். ஒரு பெட்டியில மூடி வையுங்கோ, டெஸ்ற் பண்ணவேணும். நீங்க சோப் போட்டு கையை நல்லா நேரமெடுத்துக் கழுவிப்போட்டு உடன ஹொஸ்பிற்றலுக்குப் போங்கோ. நோகேல்லை எண்டு இருந்திடாதேங்கோ. பிளீஸ்."

ரேபீஸ் என்கிற விசர் நோய் வந்த பிறகு மருந்தில்லை, வர முதல் மட்டும்தான் தடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் விரலைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள். அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று தாதி கேட்டார். என் வாயில் வந்தது ரீற்றாவின் போன் இலக்கம். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினேன். "கிட்ட ஒருவருமில்லை" என்றேன். அந்தப் பெண் எழுதாமல் என்னைப் பார்த்தார். ஊசியை விட அதுதான் நோவாக இருந்தது.

வௌவாலைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். நான் சாப்பிடாமல் செபித்தேன். ஆண்டவரே, அதில் நோய் இல்லை என்று வரட்டும். அது ஒன்றைத்தான் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வைத்தியர் போன் எடுத்தார்.

"ஐ'ம் சோ சொறி அங்கிள். வௌவாலுக்கு ரேபீஸ் இருந்திருக்கு."

அவரே தொடர்ந்தார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, குட்டியை நோகாமல் ஒரேயடியா நித்திரையாக்கிறது. மற்றது, இண்டைக்கே ஊசியைப் போட்டு மூண்டு மாசம் தனிய அடைச்சு வைக்கிறது. வியாழன் வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை, மேலிடத்தில நான் கேட்டிட்டன். ஆனா ஒருத்தரும் தொடேலாது. நீங்க மட்டும் கையுறை போட்டுச் சாப்பாடு வைக்கலாம்."

"ஊசி போட்டால் தப்புமோ பிள்ளை?"

"சொல்லேலாது அங்கிள். முதலே போட்டிருந்தா வேற கதை. இப்ப கெதியாப் போட்டா ஒரு சான்ஸ் இருக்கு. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அன்று பின்னேரமே ஊசி போட்டோம்.

வெள்ளிக்கிழமை செபக்குழுவில் சொன்னேன். குழுவை நடத்தும் மரியநாயகம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெயம், மனுசருக்குச் செபிக்கவே நேரம் காணாமல் கிடக்கு. உது நாய்க்குட்டி." இரண்டொருவர் சிரித்தார்கள். கெட்ட மனதோடு இல்லை. பக்கத்தில் இருந்த அன்ரி, "உங்களுக்கும் தொத்தியிருக்குமோ?" என்று கேட்டுக் கதிரையைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூட்டத்துக்குப் போகவில்லை.

பேஸ்மென்ற் அறைக்கு ஒரு கதவும், அதற்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பும் போட்டேன். இந்த வயதில்தான் குட்டிகள் மனிதர்களையும் தெருவையும் பார்த்துப் பழகுமாம். ரொபி பார்த்தது என் கால்சட்டையையும் மஞ்சள் கையுறையையும் மட்டும்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு செபமாலை சொன்னேன். முதல் சில நாள் ஊளையிட்டான். பிறகு என் குரல் கேட்டதும் படுத்துவிடுவான். பெரிய வார்த்தை ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. "ஆண்டவரே, இந்த வீட்டில் இன்னொரு மூச்சையும் நிறுத்திவிடாதேயும்." இவ்வளவுதான்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து கீழே போனேன். வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. ரொபி கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றான். வாயிலிருந்து வீணீர் நூலாக வடிந்தது. படுக்கும் துணியில் இரத்தம்.

வீணீர் வடிதல், சாப்பிடாமல் விடுதல், குணம் மாறுதல். எதைக் கவனிக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னவை எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன. வைத்தியரின் அவசர இலக்கத்துக்குச் செய்தி வைத்தேன். பிறகு, ஏனென்று இன்றும் தெரியவில்லை, மரியநாயகம் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, ரொபிக்குத் தொடங்கிட்டுது போல."

"வாறன்" என்றார்.

ஜக்கெற்றைக் கூடப் பூட்டாமல் நடந்து வந்தார். "கீழை வராதேங்கோ அண்ணை" என்றேன். "வரேல்லை. மேல் படியில இருக்கிறன். நீ உதிலை இரு." அவர் செபமாலையைத் தொடங்கினார். இரண்டாவது காரணிக்கத்தின் பத்து மணியைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"என்ரை மனுசிக்கு ஞாபகமெல்லாம் போயிட்டுது, ஜெயம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவ வீட்டில இருக்கிறா. கதைக்கத்தான் ஆளில்லை."

நான் கீழ்ப்படியில், அவர் மேல்படியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

அப்போது வைத்தியர் வீடியோவில் வந்தார். "கிட்டப் போகவேண்டாம் அங்கிள். போனைக் கம்பிக்கு நேர பிடியுங்கோ... ஓகே. நிலத்தைக் காட்டுங்கோ. வெள்ளையா ஏதும் கிடக்கோ?"

கிடந்தது. துணிக்குப் பக்கத்தில், அரிசி அளவில் ஒன்று.

"அவனுக்கு இப்ப நாலரை மாசம் வரப்போகுது என்ன?" பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். "அங்கிள், அது பால்பல்லு! பல்லு விழுந்து புதுசு முளைக்குது. பல்லைச் சுத்தி முரசு நோகுது, அதுதான் கடிக்கிறான். ஆனாலும் ரெண்டு மூண்டு நாளைக்கு நல்லாக் கவனியுங்கோ, நானும் எடுத்துக் கேப்பன். சாப்பாட்டைத் தண்ணியில ஊறவைச்சுக் குடுத்துப் பாருங்கோ."

"என்னவாம் ஜெயம்?" என்று மேலிருந்து குரல்.

"பல்லு அண்ணை. பல்லு முளைக்குதாம்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார் அண்ணை. ஒரு நாய்க்குட்டியின் பல்லுக்கு அவர் தோத்திரம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஊறவைத்த சாப்பாட்டை ரொபி அன்று பின்னேரமே நக்கி முடித்தான். தண்ணீரும் குடித்தான். அவன் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை அந்தக் கம்பிக்கு வெளியே நின்று நானும் அண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று மாதமும் முடிந்தது. நோய் வரவில்லை. அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அவன் தலையைத் தொட்டபோது இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் பின்னால் போனான். பிறகு வந்து என் கையை முகர்ந்து பார்த்தான். அடுத்த ஞாயிறு மரியநாயகம் அண்ணை தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவ ரொபியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டா. ஒவ்வொரு முறையும் அவன் வாலை ஆட்டினான். இப்போது ஞாயிறு தோறும் வருகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யார் எதைக் கொண்டுவந்தாலும் சிரிக்காமல் செபிக்கிறோம்.

சகோதரங்களே, வௌவாலில் நோய் இருக்கக்கூடாது என்று கேட்டேன். அதற்கு ஆண்டவர் இல்லை என்றுவிட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றே நினைத்தேன். ஆனால் ஊசி போடக்கூடிய வயதுக்கு அந்தக் குட்டியைக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான், படியில் ஒரு மனிதனைக் கொண்டுவந்து இருத்தியதும் அவர்தான் என்று இன்று விசுவசிக்கிறேன். உங்கள் வீட்டில் குட்டி இருந்தால், மூன்று மாதம் ஆனவுடன் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மனதில் பாரம் இருந்தால், நாலுபேர் முன்னால் சொல்ல அது சின்னதாகத் தெரிந்தாலும், ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். கேட்க ஒருவருமில்லை என்றால், வெக்ஸ்போர்ட் பக்கம் வரும்போது என் கதவைத் தட்டுங்கள். ரொபி குரைப்பான். பயப்பட வேண்டாம், உள்ளே வாருங்கள்.